வானத்துக்கு மூடி கிடையாது

அண்ணன் மகன் நாலாம் வகுப்பு. போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தான். நீர்ச் சுழற்சிப் படம் வரைந்து பாகம் குறித்துக்கொண்டு போக வேண்டுமாம். இந்தப் படத்தை நானும் வரைந்திருக்கிறேன், நீங்களும் வரைந்திருப்பீர்கள். இடது ஓரம் கடல், மேலே சிரிக்கிற சூரியன், கடலிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்பு, அது ஆவியாதல். அம்பு போய் முட்டுகிற இடத்தில் பஞ்சுப்பொதி மாதிரி மேகம், அது சுருங்குதல். அங்கிருந்து சாய்வாக நாலு கோடு, அது மழைப்பொழிவு. அப்புறம் ஒரு மலை, ஓர் ஆறு, ஆறு மறுபடி கடலுக்கு. பத்து நிமிஷ வேலை.

சாய்வுக் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்டான். "அத்த, மேகத்துல தண்ணி இருக்குல்லா? அது ஏன் இப்பவே விழ மாட்டேங்கு?"

"மேகம் கனமாயிட்டா விழும்ல" என்றேன், யோசிக்காமல்.

"அப்ப இதுக்கு முன்னாடி அது கனமா இல்லையா? அவ்ளோ பெருசா இருக்கு?"

நான் படித்தது பி.காம். மழையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சார்ட் பேப்பரில் இருந்ததுதான். "கனமானதும் விழும்" என்பது என் அப்பா எனக்குச் சொன்னது, அவருக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். பையன் கேட்டபிறகுதான் உறைத்தது, அந்தப் படத்தில் ஆவியாவதற்கு அம்பு இருக்கிறது, ஆறு ஓடுவதற்கு அம்பு இருக்கிறது, மேகத்துக்கும் மழைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு மட்டும் ஒன்றுமே இல்லை. மழையில் கஷ்டமான பகுதியே அதுதான், அதைத்தான் எல்லாரும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். அன்றிலிருந்து இந்த ஒரு வருஷமாகக் கொஞ்சம் படித்தேன், பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்சம் செய்து பார்த்தேன். வீட்டில் இதே கேள்வி கேட்கிற வாண்டுகள் இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இட்லிப் பானை. மழையைப் பிள்ளைகளுக்கு விளக்க நம் எல்லாருக்கும் கைவசம் இருக்கிற ஒரே உதாரணம் அதுதான். தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மேலே போகிறது, மூடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது, "பாத்தியா, இதுதான் மழை". நானும் மூடியைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த நாளே பக்கத்து வீட்டுப் பையனிடம் என் மருமகன் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: கடல் நடுவில் தண்ணீர் கொதிக்குமாம், மேலே போய் வானத்தில் முட்டுமாம். அவனைக் குறை சொல்ல முடியாது. நான் காட்டியது அப்படித்தானே இருந்தது. இட்லிப் பானையில் அடுப்பு உண்டு, மூடி உண்டு. கடலுக்கு அடியில் அடுப்பு கிடையாது, வானத்துக்கு மூடி கிடையாது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் மேற்கொண்டு போக முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அடுப்பு விஷயம் சுலபம். மொட்டைமாடியில் காய்கிற துணியைக் காட்டினால் போதும். எந்தத் துணியும் கொதித்துக் காய்வதில்லை. சிமெண்ட் தரையில் அரைச் செம்பு தண்ணீரை ஊற்றி, ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வரச் சொன்னேன். அரைமணி கழித்துப் போனால் கோடு இருக்கிறது, ஈரம் உள்ளே சுருங்கிவிட்டது. "எங்க போச்சு?" "காத்துல." "கண்ணுக்குத் தெரியலையே?" ஆமாம், தெரியாது. இங்கேதான் பெரியவர்களும் தடுக்கி விழுகிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. டீக்கு வைத்த கெட்டிலின் மூக்கிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி வருகிறதே, அதை ஆவி என்கிறோம், ஆனால் அது ஆவி இல்லை, ஆவி குளிர்ந்து உண்டான பொடிப்பொடித் தண்ணீர்த் துளி. மூக்குக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் அரை அங்குலத்துக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி ஓர் இடைவெளி தெரியும். அசல் நீராவி அங்கேதான் இருக்கிறது. (பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தித்தான் காட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததுதான் கையைப் பொத்துப்போக வைக்கும்.)

ஆக மேகம் நீராவி இல்லை. தண்ணீர்தான், மிகச் சின்னத் துளிகளாக. உயரமான மேகமென்றால் பனிக்கட்டித் துணுக்குகளும் சேரும். இதை ஒரு பரீட்சையில் அப்படியே எழுதிவிட்டு வந்தான் எங்கள் ஆள். சிவப்பு மையில் பெருக்கல் குறி, அரை மார்க் போச்சு. அவர்கள் வைத்திருக்கும் கைடில் "மேகம் என்பது நீராவியின் தொகுப்பு" என்று இருக்கிறதாம். நான் போய்ச் சண்டை போடவில்லை. அவனும் பெரிதாகக் கவலைப்படவில்லை, "அவங்க கெட்டில பாக்கலபோல" என்று விட்டுவிட்டான்.

இந்தச் "சுருங்குதல்" என்ற வார்த்தையும் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் அபிப்பிராயம். துணி சுருங்குவதும் பலூன் சுருங்குவதும் அவர்களுக்குத் தெரியும், ஆவி எப்படிச் சுருங்கும்? ஆனால் வார்த்தை தப்பில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அது மறுபடி தண்ணீரானால் 1,700 ஒன்றாகிவிடும். அதற்கு மேல் என்ன சுருங்க வேண்டும்? இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தால் வார்த்தை அழகாகப் பொருந்துகிறது.

அடுத்தது மூடி. மேலே முட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றால் ஆவி ஏன் குளிர்கிறது? "மேல போனா குளிரும், ஊட்டி மாதிரி" என்றேன். ஏழாம் வகுப்பு படிக்கிற பெரியவள் விடவில்லை. "மேல போனா சூரியனுக்குப் பக்கத்துலல்லா போறோம்? இன்னும் சூடாத்தான இருக்கணும்?" நியாயமான கேள்விதான், ஆனால் சூரியன் இருக்கிறது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, ஊட்டி இருக்கிறது இரண்டே கால் கிலோமீட்டர் உயரத்தில். அவ்வளவு தூரத்துக்கு இது ஒரு படிகூட இல்லை. வெயில் தரையைச் சுடவைக்கிறது, தரைதான் காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏற அதை அழுத்துவதற்கு மேலே இருக்கிற காற்று குறைகிறது, அதனால் அது விரிகிறது. விரிகிற காற்று, வெளியிலிருந்து யாரும் குளிரவைக்காமலே, தானாகவே குளிரும். மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குறைந்துவிடும்.

இதை வாயால் சொன்னால் ஏறாது. சைக்கிளைக் கொண்டுவந்தோம். பம்பால் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொடச் சொன்னேன், சுட்டது, அழுத்தினால் காற்று சூடாகும். அப்புறம் நன்றாக அடித்த டயரின் வால்வை அமுக்கி, பீறிட்டு வருகிற காற்றில் விரலைக் காட்டச் சொன்னேன். சில்லென்றிருந்தது. "ஐஸ் இல்லாமயே!" என்றான் சின்னவன். அன்றைக்கு அந்த டயரை நாலு தடவை அடித்து நாலு தடவை இறக்கினார்கள்.

இதைவிட நன்றாக எடுபட்டது பாட்டில் மேகம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், லேபிளைக் கிழித்துவிட வேண்டும். உள்ளே கொஞ்சம் வெந்நீர், கை பொறுக்கிற சூடு. மூடியைப் போட்டுக் குலுக்கி, இரண்டு கையாலும் பாட்டிலை நன்றாக அமுக்கிவிட்டுச் சட்டென்று விட்டால், உள்ளே காற்று விரியும், குளிரும், மேகம் வர வேண்டும். வராது. வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். பிள்ளைகள் முகம் தொங்கிப்போன பிறகு மூடியைத் திறந்து, அணைத்த ஊதுபத்தியின் புகையைத் துளி உள்ளே விட்டு, மறுபடி மூடி, அமுக்கி, விட வேண்டும். பாட்டில் முழுக்கப் பால் மாதிரி ஒரு மங்கல் வந்து நிற்கும். அமுக்கினால் மறையும், விட்டால் வரும். பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். என் அம்மாவே அடுக்களையிலிருந்து வந்து இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

ஊதுபத்திக்கு முன்னால் வராதது பின்னால் ஏன் வந்தது என்பதுதான் விஷயமே. நீராவி தன்னந்தனியாகத் துளியாவதற்கு மிகவும் சிரமப்படும், அதற்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு தூசு வேண்டும். மண் தூசு, புகை, கடல் அலை தெறித்துக் காற்றில் கலந்த உப்புத் துணுக்கு, ஏதோ ஒன்று. ஜான் எய்ட்கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1880களில் இதை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர். வடிகட்டிய சுத்தமான காற்றில் ஆவியை விட்டால் மூடுபனி வரவில்லை, சாதாரணக் காற்றில் விட்டால் வந்தது. அதே ஊர்க்காரர் இன்னொருவர், சி.டி.ஆர். வில்சன், 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சியில் இருந்த வானிலை ஆய்வகத்தில் சில வாரம் வேலை பார்க்கப் போய், மேகத்தின் மேல் வெயில் விழுகிற அழகில் மயங்கி, கீழே வந்து கண்ணாடிப் பாத்திரத்தில் மேகம் செய்ய ஆரம்பித்தார். நம் பாட்டில் வேலைதான், கொஞ்சம் நேர்த்தியாக. அதை வைத்து அணுத்துகள்கள் போகிற தடத்தையே கண்ணால் பார்க்கலாம் என்று தெரிந்து, 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேகத்தை வேடிக்கை பார்க்கிற பிள்ளையைப் "போய்ப் படி" என்று விரட்டுவதற்கு முன் நான் இப்போது ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.

சரி, மேகம் வந்தாயிற்று. இப்போது அவனுடைய முதல் கேள்வி. கனமா, இல்லையா?

கனம்தான். நீள அகல உயரம் மூன்றும் ஒவ்வொரு கிலோமீட்டர் இருக்கிற ஒரு சாதாரண வெள்ளை மேகம், மழையே பெய்யாத ரகம், அதை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணீர்தான் அதில் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 500 டன். யானை ஒன்றுக்கு 5 டன் என்று போட்டால் நூறு யானை. வெயில் காலத்தில் வயல் மேல் நிழலைப் போட்டுக்கொண்டு சும்மா போகிறதே, அந்த மேகம் நூறு யானையைச் சுமந்துகொண்டு போகிறது. ஆகவே "கனமானதும் விழும்" என்பது தப்பு, அது எப்போதோ கனமாகிவிட்டது. (அதே இடத்தில் இருக்கிற காற்றின் எடை ஏறக்குறைய 10 லட்சம் டன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், யானைகள் திடீரென்று ஒல்லியாகிவிட்டன.)

விழாததற்குக் காரணம் துளியின் அளவு. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு 0.02 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு பொடிசு விழத்தான் செய்கிறது, ஆனால் ஒரு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் இறங்க அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். கீழிருந்து வருகிற காற்று லேசாக ஊதினாலே மறுபடி மேலே போய்விடும், தப்பித் தவறி மேகத்தை விட்டு வெளியே வந்தாலும் காய்ந்துபோகும். மழைத்துளி அப்படியில்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், 2 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும், சாதாரண மழைத்துளி அந்த அளவு. அது விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் வரும், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிஷம். அந்தக் கடுகுத் துளி ஒன்று உண்டாக எத்தனை மேகத்துளி சேர வேண்டும் என்று பெரியவளைக் கணக்குப் போடச் சொன்னேன். குறுக்களவு நூறு மடங்கு, நூறு பெருக்கல் நூறு பெருக்கல் நூறு. பத்து லட்சம்! ஒரே ஒரு சொட்டுக்கு.

மேகத்துக்கும் மழைக்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்றிடம் இதுதான். பத்து லட்சம் துளிகள் எப்படி ஒன்று சேரும்? சேராமலே கலைந்துபோகிற மேகங்கள்தான் அதிகம். "மூட்டமா இருந்துச்சு, பெய்யாம போயிடுச்சு" என்று நாம் அலுத்துக்கொள்கிற நாள்களில் தண்ணீர் இல்லாமல் இல்லை, துளிகள் சேரவில்லை.

சேருவதற்கு இரண்டு வழி. முதல் வழியைப் பஸ் ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். மழையில் நிற்கிற பஸ்ஸின் கண்ணாடியில் பொடித் துளிகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் ஏதோ ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாகி நகர ஆரம்பிக்கும், போகிற வழியில் இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு வாலும் தலையுமாகக் கீழே ஓடும். மேகத்துக்குள்ளும் அதே கதைதான். எல்லாத் துளியும் ஒரே அளவாக இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்கும், யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பெரியதாக இருந்தால் அது வேகமாக இறங்கி மற்றதை இடித்துச் சேர்த்துக்கொள்ளும். கடல் உப்புத் துணுக்கு பெரிசாக இருப்பதால் அதன் மேல் கட்டுகிற துளியும் பெரிசாகத் தொடங்கும். நம்மைப் போல வெப்பமான ஊர்களில், கடலிலிருந்து வருகிற காற்றில், நிறைய மழை இப்படித்தான் பிறக்கிறது.

இரண்டாவது வழியைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. பனிக்கட்டி. நம் ஊருக்கு நேர் மேலே 5 கிலோமீட்டர் போனால் தண்ணீர் உறையும் குளிர்தான், சித்திரை வெயிலிலும். இடிமேகம் 15 கிலோமீட்டர் வரைக்கும் நெட்டுக்குத்தாக நிற்கும், அதன் மேல்பாதி முழுக்க உறைகுளிர்தான். ஆனால் பொடித் துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உடனே உறைவதில்லை, அப்படியே தண்ணீராகவே இருக்கும். அதற்குள் எங்காவது ஒரு பனித்துணுக்கு உண்டாகிவிட்டால், சுற்றியிருக்கிற ஆவியையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும், பக்கத்துத் துளிகள் காய்ந்து காய்ந்து அதற்கே தீனியாகும். டோர் பெர்யரோன் என்ற ஸ்வீடன்காரர் இதை யோசிக்கத் தொடங்கியது 1922இல், ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்காட்டில் நடந்துபோகும்போது. கடுங்குளிர் நாளில் மூடுபனி காட்டுப்பாதைக்குள் நுழையாமல் மரங்களுக்கு மேலேயே நின்றதாம், குளிர் குறைந்த நாளில் தரைவரை இறங்கியதாம். மரக்கிளையில் ஒட்டியிருந்த பனிதான் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. மேகத்துக்குள் அப்படிப் பெருத்த பனி கீழே வரும் வழியில் உருகி மழையாகிறது. உருக நேரமில்லாமல் பெரிய கட்டியாக வந்தால் ஆலங்கட்டி. கோடை மழையில் ஆலங்கட்டி பொறுக்கிய அனுபவம் இருப்பவர்களுக்கு, அந்தச் சுடுமணலில் ஐஸ் எப்படி வந்தது என்ற ஆச்சரியம் இருந்திருக்கும், எனக்கு இருந்தது. வந்த மழையில் பாதி ஐஸாகத்தான் கிளம்பியிருக்கும், நமக்குக் கையில் கிடைத்தது உருகாமல் தப்பித்தது மட்டும்.

மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "மேகம் மலையில் மோதி மழை பெய்யும்" என்று படித்தவர்கள் நாம். இது ஓரளவுக்குத்தான் சரி. ஆடி மாதம் கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு செங்கோட்டை வழியாக ரயிலில் திரும்பினோம். 1904இல் திறந்த பாதை அது, பதிமூன்று கண் பாலம் இருக்கிற பாதை. புனலூரிலிருந்து தென்மலை வரைக்கும் ஜன்னலைத் திறக்க முடியாத மழை. ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் நுழைந்து இந்தப்பக்கம் வந்தால் மழை சாரலாகிவிட்டது, செங்கோட்டையில் சாரலும் வெயிலும். தென்காசியில் இறங்கிப் பஸ் பிடித்தோம், பாவூர்சத்திரத்தில் காற்று மட்டும், ஆலங்குளத்தில் புழுதி பறந்தது, திருநெல்வேலியில் சுத்தமான வெயில். இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் குடையை விரித்து மடக்கி, கடைசியில் நிழலுக்குப் பிடித்தார்கள்.

மேகம் மலையில் மோதி உடைந்திருந்தால் மலைக்கு மேற்கே மேகமும் கிழக்கே வெறும் வானமுமாக, நறுக்கினாற்போல இருக்க வேண்டும். அப்படி இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் ஏறியாக வேண்டும், வேறு வழியில்லை. ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும், அங்கேயே மேகம் புதிதாகக் கட்டும், பெய்யும். தாண்டி இறங்கும்போது அதே காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும், சைக்கிள் பம்ப் மாதிரி, இருக்கிற மேகத்துளிகளும் காய்ந்து காணாமல் போகும். ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து கணவாயாக இருப்பதால் கொஞ்சம் மிச்சம் நமக்குக் கசிகிறது. குற்றாலச் சாரல் என்று கொண்டாடுவது அந்தக் கசிவைத்தான். கணவாய் வழியாக வீசும் மிச்சக் காற்றுக்குத்தான் நம் பக்கம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கான மழை ஐப்பசியில், வங்கக்கடல் பக்கமிருந்து வர வேண்டும்.

இந்த இடத்தில் பெரியவள் கேட்டதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. அவள் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவள். 17ஆம் தேதி பிடித்த மழை விடவேயில்லை, தாமிரபரணி கரை மீறி, எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லாமல் மாடியில் இருந்தோம். காயல்பட்டினத்தில் அன்று 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது, அந்தப் பகுதியில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அதிகம். "அவ்ளோ தண்ணியும் ஒரு மேகத்துலயா இருந்துச்சு?" என்றாள்.

முதலில் 95 சென்டிமீட்டர் என்றால் என்னவென்று பார்த்தோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், டி.வி. வானிலைச் செய்தி அப்புறம் வேறு மாதிரி காதில் விழும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்றால் ஒரு மில்லிமீட்டருக்கே ஆறு குடம். 95 சென்டிமீட்டருக்கு 88,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்து ஒரே மாடியில் கொட்டின மாதிரி.

ஆனால் உலகம் முழுக்கக் காற்றில் இருக்கிற மொத்த ஈரத்தையும் பிழிந்து தரையில் சமமாகப் பரப்பினால் இரண்டரை சென்டிமீட்டர்தான் நிற்கும். கடலோரத்தில் கார்த்திகை மார்கழிக் காற்று ஈரமானது, அதற்காக மூன்று மடங்கு என்று வைத்தாலும் ஏழெட்டு சென்டிமீட்டர். அப்புறம் மீதி எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து, அன்று பகலும் இரவும் வந்துகொண்டே இருந்தது. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி, வங்கக்கடலின் ஈரக்காற்றை ஓயாமல் இந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது, வந்தது வந்தபடி மேலேறிக் குளிர்ந்து பெய்தது. ஒரு பக்கம் ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, மறுபக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. நெல் போட்டால் அரிசி வருகிற மில் மாதிரி. மில்லில் எவ்வளவு அரிசி வரும் என்பது மில் எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்தா? வண்டி வண்டியாக நெல் வந்து இறங்குகிறதா என்பதைப் பொறுத்ததுதான்.

இதை யோசித்தபோதுதான், மேகத்தைத் தண்ணீர் நிரப்பின பையாக நினைப்பதை என் மனசிலிருந்து எடுக்க முடிந்தது. பழைய பாட்டுகளிலெல்லாம் மேகம் கடலுக்குப் போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு, கறுத்து, மலையேறி வந்து கொட்டும். அழகுதான், கடலிலிருந்துதான் மழை வருகிறது என்பதும் அதில் சரியாக இருக்கிறது. ஆனால் மேகம் பயணம் போய் வருவதில்லை. பயணம் வருவது கண்ணுக்குத் தெரியாத ஆவி. கிளம்பி ஏறக்குறைய ஒன்பது பத்து நாள் சராசரியாகக் காற்றில் அலைந்துவிட்டு எங்காவது கீழே வருகிறது. மேகம் என்பது அது கண்ணுக்குத் தெரிகிற கொஞ்ச நேரம்.

சின்னச் சின்னக் கேள்விகள் நிறைய வந்தன, எல்லாவற்றையும் எழுதினால் தாங்காது. கருமேகம் ஏன் கறுப்பு? அதே வெள்ளைத் துளிதான், தடிமன் அதிகமாகிவிட்டதால் வெயில் கீழே வரவில்லை, விமானத்தில் மேலே போய்ப் பார்த்தால் அதுவும் வெள்ளைதான். இரண்டு மேகம் மோதினால் இடியா? இல்லை, மின்னல் பாய்ந்த வழியில் காற்று நொடியில் சுட்டு வெடிக்கிற சத்தம். வெயிலும் மழையும் சேர்ந்தடித்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணமா? அதை மட்டும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் கெடுக்க வேண்டாமே.

மழைத்துளியின் வடிவம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சார்ட் பேப்பர் எல்லாவற்றிலும் அது தப்பாக இருக்கிறது. மேலே கூராக, கீழே உருண்டையாகக் கண்ணீர்த்துளி மாதிரி வரைகிறோம். குழாயிலிருந்து சொட்டும்போது ஒரு கணம் அப்படி இருக்கும், வானத்திலிருந்து வருவது அப்படி இல்லை. சின்னத் துளி முழு உருண்டை. பெரியது, எதிர்க்காற்று அமுக்குவதால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், பன் மாதிரி. அதற்கும் பெரிதானால், ஐந்தாறு மில்லிமீட்டரை நெருங்கும்போது, பிய்ந்து பல துளிகளாகிவிடும். அதனால்தான் எவ்வளவு பேய்மழை பெய்தாலும் எலுமிச்சம்பழம் அளவு சொட்டு விழுவதில்லை.

சொட்டின் அளவை நாமே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற இடத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார், பனித்துணுக்குகளைப் படம் பிடித்ததில் பேர் வாங்கியவர். மாவு நிரப்பின தட்டைச் சில விநாடி மழையில் நீட்டி, துளி விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்ன மாவு உருண்டையாவதை எடுத்து அளந்து 1904இல் எழுதினார். மிகப் பெரிய துளியே கால் அங்குலம்தான் என்று அவர் கண்டது இந்த மாவை வைத்துத்தான்.

ஐப்பசியில் முதல் நல்ல மழை சாயங்காலம் பிடித்தது. பெரியவள் தாம்பாளத்தில் மைதாவைப் பரப்பி எடுத்துவந்தாள், சின்னவன் வாசலில் நின்று "ஒன்னு, ரெண்டு, மூணு" எண்ணிவிட்டு உள்ளே இழுத்தான். அம்மாவுக்கு ஒரே கோபம். "ஏட்டி, தின்னுற மாவக் கொண்டுபோயி மழையில காட்டுதியளே, கிறுக்கா பிடிச்சிருக்கு?" உருண்டைகள் காய்வதற்கு ராத்திரி முழுக்கப் பொறுத்திருந்தார்கள். காலையில் காப்பி போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே மாவுச் சல்லடையை எடுத்துவந்தது அம்மாதான். மெல்லச் சலித்து, சல்லடையில் தங்கியதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். முக்கால்வாசி ரவை அளவுதான். ஒன்றை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள்.

"இது கடுகு இல்ல ல, மிளகு" என்றாள் பேரனிடம். "இதுக்கு எத்தன லட்சம்னு அக்காகிட்டக் கேளு."